கொல்லைப்புறத்துப் புகை

மார்கழி மாதம், விடியற்காலை ஐந்து மணி, திருவண்ணாமலை. இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்த வேளையில் பச்சைத் தண்ணீரில் குளித்திருக்கிறீர்களா?

நான் குளித்ததில்லை. அதற்கு பக்தி வேண்டும் அல்லது தைரியம் வேண்டும். இரண்டுமே என்னிடம் கொஞ்சம் குறைச்சல். அதனால், கிரிவலப் பாதையை ஒட்டிய தெரு ஒன்றில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது, நண்பரின் அம்மா "தம்பி, வெந்நீர் ரெடி" என்று குரல் கொடுத்ததும் துண்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறத்துக்கு ஓடினேன்.

அங்கே என்னை முதலில் வரவேற்றது புகை.

சாதாரண விறகுப் புகைகூட இல்லை. பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம். மூன்று செங்கல். மேலே கரி பிடித்த ஓர் அலுமினிய அண்டா. கீழே ஈர விறகு. விறகு பற்றாததால் அம்மா பால் கவர்களை ஒவ்வொன்றாகச் சுருட்டி உள்ளே திணித்து, ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர். நடுநடுவே இருமல். வயது அறுபத்தெட்டு.

உள்ளே சமையலறையில் இரண்டு பர்னர் கேஸ் ஸ்டவ் பளபளவென்று இருக்கிறது.

"ஏம்மா, கேஸ்ல போடக் கூடாதா?" என்றேன்.

"நாலு பேரு குளிக்கறதுக்கே ஒரு சிலிண்டரு ரெண்டு மாசத்துல தீந்துடும் தம்பி. அப்புறம் சோறு எதுல ஆக்கறது?"

"சரி, பால் கவரை ஏன் போடறீங்க?"

"பத்தணுமே. விறகு ஈரம்."

குளித்துவிட்டு வந்து, அம்மா சொன்ன கணக்கை நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். நாலு பேர், ஆளுக்கு ஒரு பக்கெட், மொத்தம் 80 லிட்டர். 25 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 45 டிகிரிக்குக் கொண்டுபோக 1,600 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். ஒரு கிலோ கேஸ் சுமார் 11,000 கிலோ கலோரி தரும். ஸ்டவ்வில் அதில் அறுபது சதவீதம்தான் பாத்திரத்துக்குள் போகும். அப்படியானால் 14.2 கிலோ சிலிண்டர் 58 நாளில் காலி.

நான் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்ததை அந்த அம்மா ஊதுகுழலோடு உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டார்.

சரி, கரண்ட்? அதே 1,600 கிலோ கலோரிக்குத் தினமும் கிட்டத்தட்ட இரண்டு யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற சலுகை 2016இல் வந்தது. அந்த நூறையும் வெந்நீரே குடித்துவிட்டு, மேலே கொஞ்சம் கடனும் வைக்கும்.

ஆகவே, கேஸ் இணைப்பு இருக்கிற வீட்டின் கொல்லைப்புறத்தில் விறகு எரிகிறது என்றால், அந்த வீட்டார் பழைமைவாதிகள் என்றோ விவரம் தெரியாதவர்கள் என்றோ அர்த்தமில்லை. அவர்களுக்குக் கூட்டல் கழித்தல் நன்றாகத் தெரியும். தெரியாதது நமக்கும் அரசாங்கத்துக்கும்தான்.

*

நாம் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறோம்? விறகு அடுப்பு ஒழிந்துவிட்டது என்று.

2007இல் தமிழக அரசு ஏழைகளுக்கு இலவச கேஸ் அடுப்பு கொடுக்க ஆரம்பித்தது. 2016இல் மத்திய அரசு உஜ்வலா திட்டத்தில் கேஸ் இணைப்பு கொடுத்தது. இரண்டுமே நல்ல காரியம். சந்தேகமே இல்லை. ஆனால் இணைப்பு கொடுத்த அன்றே, "இந்த வீட்டில் புகை முடிந்தது" என்று ஃபைலை மூடி வைத்துவிட்டார்கள். இணைப்பு வேறு, மறு சிலிண்டர் வாங்குகிற காசு வேறு. 2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், சமையலுக்கு முக்கியமாகப் புகையில்லாத எரிபொருளைப் பயன்படுத்தும் இந்தியக் குடும்பங்கள் சுமார் 59 சதவீதம்தான். அந்தக் கேள்வியே சமையலைப் பற்றியது. 'குளிக்கிற வெந்நீருக்கு என்ன எரிக்கிறீர்கள்?' என்று அதே அக்கறையோடு கேட்டால், இன்னும் எத்தனை கேஸ் வீடுகளின் கொல்லையில் மூன்று செங்கல் தென்படும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு பக்கம் போவோம். இதே திருவண்ணாமலை மாவட்டத்தில் ஜவ்வாது மலை இருக்கிறது. ஜமுனாமரத்தூர் பக்கம் மார்கழி, தை மாதக் குளிர் விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. மலையில் வாழும் மக்களுக்கு அடுப்புதான் சமையல், அடுப்புதான் கணப்பு. வீட்டுக்குள்ளேயே நெருப்பு, அதைச் சுற்றியே தூக்கம், அந்தப் புகைதான் மூச்சு. அதே மலைத்தொடரில்தான் காவலூர் வானாய்வுக் கூடம் இருக்கிறது. 2.3 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கியை 1986இலேயே அங்கே நிறுவிவிட்டோம். எத்தனையோ ஒளியாண்டு தூரத்தில் எரிகிற நட்சத்திரத்தைப் பார்க்கக் கருவி வைத்தவர்கள், பத்தடி தூரத்தில் எரிகிற அடுப்பைப் பார்க்கவில்லை.

புகையினால் என்ன ஆகிவிடும், நம் பாட்டிகள் ஊதவில்லையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஊதினார்கள். இருமியும் செத்தார்கள். அதற்கு நாம் 'வயசாயிடுச்சு' என்று பெயர் வைத்தோம். வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்திருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. நுரையீரல் நோய், மாரடைப்பு, பக்கவாதம், குழந்தைகளுக்கு நிமோனியா. காரணம், தலைமுடியின் கனத்தில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத துகள்கள். மூக்கும் தொண்டையும் அவற்றை நிறுத்த முடியாது. நேரே நுரையீரலின் அடிக்குப் போகும். அந்த அம்மா போட்ட பால் கவர், அதில் இன்னும் நாலு விஷத்தைச் சேர்க்கிறது.

*

இப்போது எனக்கு மூன்று தரப்பிலிருந்து எதிர்ப்பு வரும். வரட்டும்.

முதல் தரப்பு: "விறகா? இந்தக் காலத்திலா? எல்லாரும் சோலாருக்கு மாற வேண்டியதுதானே?"

ஐயா, சொந்த மாடி இருப்பவர்கள் அவசியம் மாறுங்கள். வருஷத்தில் பெரும்பாலான நாள் வெயில் கொளுத்துகிற ஊர் இது. சோலார் வாட்டர் ஹீட்டர்தான் முதல் சாய்ஸ். ஆனால் வாடகை வீட்டுக்காரர் யார் மாடியில் வைப்பார்? ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாலு நாள் சூரியனே தலைகாட்டாதபோது சோலார் என்ன செய்யும்? அன்றைக்கு ஒரு துணை வேண்டும். கையில் காசில்லாதவருக்கு அந்தத் துணை விறகுதான்.

இரண்டாம் தரப்பு: "விறகடுப்பின் ருசியே தனி, ஸார்!"

இவர்கள்தான் ஆபத்தானவர்கள். நெடுஞ்சாலையில் 'விறகடுப்பு சமையல்' என்று போர்டு பார்த்தால் காரை ஓரம் கட்டுகிறவர்கள். மண் சட்டியை போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்புகிறவர்கள். அடுப்பை ஊதுவது யார் என்று மட்டும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். ருசி உங்களுக்கு, இருமல் இன்னொருவருக்கு என்றால் அதற்குப் பெயர் பாரம்பரியம் இல்லை. சுரண்டல்.

உண்மையிலேயே பாரம்பரியத்தின் மீது மரியாதை இருந்தால், பாட்டியின் கொடியடுப்பை நினைத்துப் பாருங்கள். ஒரு வாயில் விறகு வைப்பாள். பக்கத்திலேயே இன்னொரு கண். அதற்குத் தனியாக விறகு கிடையாது. முதல் அடுப்பிலிருந்து வீணாக வெளியே போகிற சூட்டை உள்வழியாகத் திருப்பி, அதில் வெந்நீரோ பாலோ வைத்துவிடுவாள். எந்த இன்ஜினீயரிங் காலேஜும் அதை அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அந்த மூளையை விட்டுவிட்டு அவள் கண்ணெரிச்சலை மட்டும் 'கலாசாரம்' என்று கொண்டாடுகிறோம்.

மூன்றாம் தரப்பு: "மரத்தை வெட்டாதே!"

இவர்களோடு எனக்குச் சண்டையில்லை. திருவண்ணாமலையின் மலை ஒரு காலத்தில் மொட்டையாக நின்ற மலை. 1980களின் கடைசியிலிருந்து தன்னார்வலர்களும் வனத்துறையும் கன்று நட்டு, தண்ணீர் சுமந்து, கோடையில் காட்டுத் தீயை அணைத்து, இன்று பார்க்கிற பச்சையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். 2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயலின் மழையில் மலையடிவார வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் புதைந்துபோனார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். அதற்கு விறகு பொறுக்குபவர் காரணம் என்று நான் சொல்லவில்லை. கொட்டித் தீர்த்த மழையும், சரிவில் குடியிருக்க வேண்டிய நிலைமையும்தான் காரணம். ஆனால் சரிவில் வேர் பிடித்து நிற்கிற ஒவ்வொரு மரமும் கீழே இருக்கிற ஒரு வீட்டுக்குக் காவல். அந்த மலையிலிருந்து ஒரு சுள்ளிகூட அடுப்புக்கு வரக் கூடாது.

இதற்கு வழி, தலைச்சுமையோடு வருகிற ஏழைப் பெண்ணை மிரட்டுவதல்ல. அவள் அடுப்பை மாற்றுவது. மறுபடி கணக்கு. காய்ந்த விறகு ஒரு கிலோவுக்கு சுமார் 3,500 கிலோ கலோரி. மூன்று செங்கல் அடுப்பில் நூற்றுக்குப் பத்து பங்கு சூடுதான் தண்ணீருக்குப் போகும். மீதி ஊருக்குப் போகும். நமது 80 லிட்டருக்கு நாலரை கிலோ விறகு ஆகும். நல்ல அமைப்புள்ள அடுப்பில் முப்பது பங்கு கிடைத்தால் ஒன்றரை கிலோ போதும். ஒரு வீட்டில் மூன்று மாதக் குளிருக்கு மிச்சம் 270 கிலோ. ஆயிரம் வீட்டில் 270 டன். எத்தனை மரம் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

*

நல்ல அடுப்பைக் கண்டுபிடிக்க ஆள் இல்லாமலா போய்விட்டது? இருந்தார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் 'அஸ்த்ரா' என்று கிராமங்களுக்கான தொழில்நுட்ப மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். அவர்கள் 'அஸ்த்ரா ஒலெ' என்ற அடுப்பைச் செய்தார்கள். ஒலெ என்றால் கன்னடத்தில் அடுப்பு. குளியல் வெந்நீருக்கென்றே தனி அடுப்பும் செய்தார்கள். மத்திய அரசு 1983இல் புகையில்லா அடுப்புத் திட்டம் ஆரம்பித்து, 2002இல் கைவிடுவதற்குள் சுமார் மூன்றரை கோடி அடுப்புகளைக் கொடுத்தது.

மூன்றரை கோடி! எங்கே போயின? இலக்கை முடிக்க அவசர அவசரமாகக் கட்டியவை விரிசல் விட்டன. புகைக்குழாய் அடைத்துக்கொண்டது. சுத்தம் செய்ய யாரும் சொல்லித்தரவில்லை. அடுப்பின் வாயில் எந்த அளவு விறகு நுழையும், எந்தப் பாத்திரம் உட்காரும் என்று அதில் சமைக்கப்போகிற பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2006இல் பி.பி. என்ற பன்னாட்டு எண்ணெய் நிறுவனம் 'ஊர்ஜா' என்ற அடுப்பைக் கொண்டுவந்தது. அதே அறிவியல் கழகத்தின் வடிவமைப்பு. உள்ளே குட்டி மின்விசிறி. புகை ரொம்பக் குறைவு. தமிழ்நாட்டிலும் விற்றார்கள். மொத்தம் ஏறத்தாழ நாலு லட்சம் வீடுகள் வாங்கின. ஆனால் அதற்குச் சாதாரண விறகு ஆகாது. பயிர்க் கழிவை அழுத்திச் செய்த வில்லைகளைத்தான் போட வேண்டும். வில்லையின் விலை ஏறியது. அடுப்பு பரணுக்குப் போனது.

முதலாவதில் வாங்குபவரைக் கேட்கவில்லை. இரண்டாவதில் எரிபொருளின் கடிவாளம் வாங்கியவர் கையில் இல்லை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு, விறகு பாய்லரோ அடுப்போ வாங்கப்போகும் உங்களுக்கு ஐந்து விஷயங்கள்.

ஒன்று. விறகை முதலில் முடிவு செய்யுங்கள், அடுப்பைப் பிறகு. பக்கத்தில் எது மலிவாக, வருஷம் முழுக்கக் கிடைக்கும்? சீமைக் கருவேலமா, தென்னை மட்டையா, கொட்டாங்குச்சியா, கடலைத் தோலா? திருவண்ணாமலை மாவட்டத்தில் வேர்க்கடலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் கடலைத் தோல் தாள் மாதிரி குப்பென்று எரிந்து அடங்கும். அதற்கு ஏற்ற அடுப்பு வேறு. கட்டை விறகுக்கு ஏற்றது வேறு. குறிப்பிட்ட கம்பெனியின் வில்லையை மட்டுமே தின்னும் அடுப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

இரண்டு. நெருப்பு எங்கே போகிறது என்று பாருங்கள். பழைய செம்பு பாய்லரின் ரகசியமே நடுவில் போகிற குழாய்தான். நெருப்பும் சூடான புகையும் தண்ணீருக்கு நடுவே ஏறிப்போகும். மேலே புனலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் குழாயில் வெந்நீர் கொட்டும். செம்பு விலை அதிகம். ஆனால் தலைமுறைக்கு நிற்கும், பழசாகப் போட்டாலும் காசு. முடியாதவர்கள் இரும்புத் தகடு பாய்லர் வாங்கலாம். அதுவும் முடியாதென்றால், ஒரு நல்ல கொத்தனாரை வைத்துச் செங்கல்லும் மண்ணும் கொண்டு அண்டா பாதி உள்ளே இறங்குகிற மாதிரி மூடிய அடுப்பு கட்டுங்கள். அண்டாவின் அடியை மட்டும் நக்குகிற நெருப்பு வீண்.

மூன்று. கீழே கம்பிச் சல்லடை இருக்க வேண்டும். சாம்பல் கீழே விழணும், காற்று கீழிருந்து ஏறணும். அது இருந்தால் ஊதுகுழலுக்கு வேலையே இல்லை.

நான்கு. புகைக்குழாய் கூரையைத் தாண்டி மேலே போக வேண்டும். உங்கள் புகை பக்கத்து வீட்டு ஜன்னலுக்குப் போவது தீர்வு இல்லை. பாய்லரை மூடிய குளியலறைக்குள் வைக்கவே வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய நாற்காலியில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். ஊட்டி, கொடைக்கானல் போய் அறைக்குள் கரி அடுப்பை வைத்து, கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்.

ஐந்து. விறகை ஆறு மாதம் முன்பே வாங்கிப் பிளந்து, மழை படாமல் அடுக்கிவையுங்கள். பச்சை விறகின் எடையில் பாதிவரை தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து விரட்டவே நெருப்பில் ஒரு பகுதி செலவாகும். மார்கழி விறகைச் சித்திரையில் வாங்குகிறவர் புத்திசாலி. பற்றவைக்கத் தேங்காய் நாரும் காய்ந்த ஓலையும் போதும். பால் கவர், டயர், பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் எதுவும் கூடாது.

*

இதெல்லாம் வாங்குகிறவர் செய்ய வேண்டியது. ஆள்பவர்களுக்கும் சில வார்த்தை.

சமையல் விறகு அடுப்புக்கு ஐ.எஸ். 13152 என்று ஒரு தர எண் இருக்கிறது. பாத்திரக் கடையில் போய், "இந்த பாய்லருக்கு அந்த மாதிரி தர எண் ஏதாவது உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். எந்த பாய்லர் எவ்வளவு விறகு தின்னும், எவ்வளவு புகை விடும் என்று சோதித்து ஒரு சீட்டு ஒட்டச் சொல்ல அரசுக்கு என்ன தயக்கம்? ஃப்ரிட்ஜுக்கு நட்சத்திரம் ஒட்டுகிறோமே!

திருவண்ணாமலை 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. சாலையோர மரங்களிலும் மின்கம்பி ஓரத்திலும் வெட்டுகிற கிளைகளைக் குப்பையில் போடாமல், காயவைத்து ஏழைகளுக்கு மலிவு விலையில் விற்கலாமே. மலைக்கு ஒரு சுமை குறையும். ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்குப் புகைக்குழாய் பொருத்தவும் சுத்தம் செய்யவும் பயிற்சி கொடுக்கலாம். ஊரிலேயே ஒரு தொழில் வளரும்.

தமிழக அரசுகள் கலர் டி.வி. கொடுத்தன. மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுத்தன. கேஸ் அடுப்பும் கொடுத்தன. ஒரு புகைக்குழாய் கொடுக்கத் தோன்றவில்லை. ஏனென்றால் புகைக்குழாயில் படம் ஒட்ட முடியாது. ஒட்டினாலும் கரி பிடித்துவிடும்.

வருஷத்துக்கு ஒருமுறை மலை உச்சியில் ஏற்றுகிற தீபத்துக்கு நெய், திரி, கொப்பரை என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் செய்கிற ஊர் இது. தினமும் வீட்டுக் கொல்லையில் ஏற்றுகிற நெருப்புக்கு அதில் நூறில் ஒரு பங்கு கவனம் கொடுத்தால்கூடப் போதும்.

ஊருக்குத் திரும்புவதற்கு முதல் நாள், நண்பரும் நானும் கொத்தனார் ஒருவரைக் கூட்டிவந்து அண்டாவை அளந்தோம். அம்மா பக்கத்தில் நின்று, "வாய இன்னும் கொஞ்சம் அகலமா வைப்பா, தென்ன மட்ட போகணும்" என்றார். எந்தத் திட்டத்திலும் கேட்கப்படாத ஆலோசனை. கொத்தனார் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டுக்கொண்டார்.

நீங்களும் இந்த வாரம் ஒருநாள் சீக்கிரம் எழுந்து, உங்கள் வீட்டிலோ, சொந்த ஊரில் உங்கள் அம்மா வீட்டிலோ கொல்லைப்பக்கம் போய்ப் பாருங்கள். யார் ஊதுகிறார்கள், எதைப் போட்டு எரிக்கிறார்கள் என்று பாருங்கள். வெந்நீரில் சுகமாகக் குளித்தது நீங்கள்தான் என்றால், அந்தப் புகைக்குழாயின் செலவும் உங்களுடையதுதான்.